பழைய அம்பாசிடரைப் பேணுதல்

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தரபாரா என்றோர் ஊர் உண்டு. 1942ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், முதலில் குசராத்துக் கடற்கரையிலுள்ள ஓக்கா என்னும் துறைமுகத்தில் தொழில் நடத்திப் பின்னர் 1948இல் இவ்வூருக்குத் தன் தொழிற்சாலையை மாற்றிக்கொண்டது. அந்நாளில் இங்கிலாந்தில் மாரிஸ் நிறுவனத்தார் ஆக்ஸ்போர்டு என்ற பெயரால் கார்களைச் செய்து விற்றுவந்தனர். அவற்றுள் 1956இல் வெளிவந்த மூன்றாம் வரிசை வண்டியின் வடிவத்தைத் தழுவி உத்தரபாராவில் செய்யப்பட்டதே அம்பாசிடர். 'தூதர்' என்பது அப்பெயரின் பொருள். 1958ஆம் ஆண்டளவில் சாலைக்கு வந்த இத்தூதர், அமைச்சர் முதல் வாடகை வண்டி ஓட்டுநர் வரை எல்லாருக்கும் பணிபுரிந்தார். இங்கிலாந்தில் அம்மூன்றாம் வரிசை 1959இலேயே நின்றுபோயிற்று. பிறந்த நாட்டில் மூன்றாண்டே வாழ்ந்த வடிவம், வந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓய்வு பெற்றது.

ஆதலால் இன்று சாலையில் காணப்படும் அம்பாசிடர் எதுவாயினும் அது பழைய வண்டியே ஆகும். பழைய வண்டியைப் பேணுதற்கும் புதிய வண்டியைப் பேணுதற்கும் வேறுபாடு மிகுதி. புதிய காரில் கணிப்பொறி ஒன்று அமைந்து, எஞ்சினின் வெப்பம், எரிபொருளின் அளவு, தீப்பொறி எழவேண்டிய நேரம் ஆகியவற்றைக் கணந்தோறும் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. குறை நேர்ந்தால் விளக்கெரித்து அறிவிக்கிறது. பழைய அம்பாசிடருக்கு அவ்வறிவு இல்லை. அதற்கு அறிவாக இருக்கவேண்டியவர் அதனை வைத்திருப்பவரே. எனினும் அது ஊமையும் அன்று. ஓசையாலும், புகையாலும், மணத்தாலும், தரையில் சிந்தும் ஒரு துளியாலும் தன் நோயைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்கத் தெரிந்தவர் கையில் அவ்வண்டி நெடுநாள் வாழும்.

நோயை அறியுமுன் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். அம்பாசிடர் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுடையது. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு 97 அங்குலம். அஃதாவது 2,464 மில்லிமீட்டர். பெட்ரோல் தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். முன்சக்கரங்கள் முறுக்குக் கம்பிகளின்மேல் தாங்கப்பெற்றுள்ளன. பின்சக்கரங்களை மாட்டுவண்டிக்காரரும் நன்கறிந்த பட்டைவில்கள் தாங்குகின்றன. மேடு பள்ளம் மிகுந்த நாட்டுப்புறச் சாலைகளில் இவ்வண்டி பெற்ற புகழுக்கு இந்த எளிய அமைப்பும் ஒரு காரணமாகும்.

1959ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பல்லாண்டுகள் இவ்வண்டியில் பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. இந்த எண் எவ்வாறு வந்தது என்பதைக் கணக்கு அறிந்த மாணவர் எவரும் கண்டுகொள்ளலாம். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்விட்டம் 73 மில்லிமீட்டருக்குச் சிறிது மிகை; அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 88.9 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 372 கன சென்டிமீட்டர் கிடைக்கும். அதனை நான்கால் பெருக்கினால் விடை வந்துவிடும். இந்நான்கு சிலிண்டர்களும் வரிசையாக எரிவதில்லை. முதலாவது, மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்ற முறையில் எரியும். தீப்பொறி செல்லும் கம்பிகளைக் கழற்றிப் பூட்டுவோர் 1, 3, 4, 2 என்னும் இம்முறையை மறந்துவிட்டால் எஞ்சின் இருமும், உதறும், அல்லது அசைய மறுக்கும்.

இவை பேரளவுகள். பேணுவோர்க்கு இவற்றினும் இன்றியமையாதவை மிகச் சிறிய அளவுகளாகும். தீப்பொறியை எழுப்பும் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்டிரிபியூட்டருக்குள் மின்னோட்டத்தை இணைத்தும் பிரித்தும் நிற்கும் பாயின்ட் என்னும் உறுப்பின் இடைவெளி ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வின் தலைக்கும் அதனை அழுத்தும் கைக்கும் இடையே ஆயிரத்தில் 15 பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் இவை யாவும் 0.35க்கும் 0.65க்கும் இடைப்பட்டவை. கண்ணால் மதிப்பிடக் கூடாதவை. பல கனமுடைய மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறிபோல் அடுக்கிய 'ஃபீலர் கேஜ்' என்னும் சிறு கருவி ஒன்றினால் இவற்றை அளப்பர். தகடு இடைவெளியில் சிறிது உரசிச் செல்லவேண்டும். துள்ளி நுழைதலும் ஆகாது, முட்டி நிற்றலும் ஆகாது.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று தோன்றலாம். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்திற்கு இரண்டாயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு தீப்பொறிகள் வேண்டும். ஆகவே அந்தச் சிறிய பாயின்ட் நிமிடத்திற்கு நாலாயிரம் முறைக்கு மேல் திறந்து மூடுகிறது. ஓயாத இத்தொழிலால் அதன் முகம் கரியேறிக் குழிவிழும். உராயும் பகுதி தேய்ந்து இடைவெளி குறையும். அப்பொழுது காலையில் வண்டி எளிதில் கிளம்பாது; மேட்டில் இழுவை குன்றும்; பெட்ரோல் வீணாகும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, மெல்லிய அரத்தால் முகத்தைத் துலக்கி, இடைவெளியைச் சரிசெய்தல் கால்மணி நேர வேலையே. கழற்றிய பிளக்கும் ஒரு செய்தி சொல்லும். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலமாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் மேலேறுகிறது எனக் கொள்ளலாம். நாடி பார்க்கும் மருத்துவர்போல் நல்ல மெக்கானிக் முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பதன் காரணம் இதுவே.

எஞ்சினுக்கு எண்ணெய் குருதி போன்றது என்பர். ஏறத்தாழ நான்கு லிட்டர் எண்ணெய் அதன் அடித்தொட்டியில் தங்கி, சிறு பம்பினால் மேலேற்றப்பட்டு, சுழலும் உறுப்புகளுக்கிடையே மெல்லிய படலமாகப் பரவுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது அப்படலமே. அளவு பார்க்க விரும்புவோர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும். பிறகு அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால் எண்ணெய் எங்கு நிற்கிறது என்பது தெரியும். இரு கோடுகளுக்கும் இடையில் மேற்கோட்டை ஒட்டி நிற்பது நன்று. மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. மிகுந்த எண்ணெய் நுரைத்து, முத்திரைகளைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். நம் நாட்டு வெப்பத்துக்கு 20 டபிள்யூ 40 என்னும் தரமுள்ள எண்ணெய் இவ்வெஞ்சினுக்கு ஏற்றது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது இடவேண்டும். சூட்டில் இளகிய எண்ணெய் அழுக்கையும் உடன்கொண்டு இறங்கும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது பட்டறைகள் பலவற்றின் தீய வழக்கம். அது சென்று சேருமிடம் யாரோ ஒருவருடைய கிணறு என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

வண்டியின் பின்புறக் குழாயும் எண்ணெயின் நிலையை உரைக்கும். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். கரும்புகை பெட்ரோல் மிகுதியின் அடையாளம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்ணிற ஆவி இயல்பானது. எஞ்சின் சூடேறிய பின்னும் அது நில்லாவிடில் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று அஞ்சவேண்டும். அப்பொழுது அளவுகோலில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருப்பதையும் காணலாம்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கோடைக் காலத்தில் சாலையோரம் பானட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் பழைய வண்டிகள் பலவும் தண்ணீரைக் கவனியாமையால் நின்றவையே. எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் பெரும்பகுதி வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. அதனை வெளியேற்றாவிட்டால் இரும்பும் வளையும். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அவ்வெப்பத்தை ஏற்றுக்கொண்டு, முன்னாலுள்ள ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றால் குளிர்ந்து மீளுகிறது. ரேடியேட்டரின் மூடி ஒரு சிறு வில்லால் ஆவியை அடக்கி உள்ளே அழுத்தத்தை நிறுத்துகிறது. அழுத்தம் ஒரு ராத்தல் கூடினால் தண்ணீர் கொதிக்கும் நிலையும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை செல்சியஸ் உயரும். இதனால் நூறு பாகையைத் தாண்டியும் தண்ணீர் கொதியாமல் அடங்கியிருக்கும். அடங்கியிருக்கும் என்பதே இங்குக் கருதத்தக்கது. சூடான வண்டியின் மூடியை ஒருவர் சட்டெனத் திறந்தால், அழுத்தம் நீங்கிய அக்கணமே தண்ணீர் கொதித்துச் சீறி அவர் முகத்திலும் மார்பிலும் பாயும். அரைமணி நேரமேனும் ஆறவிட்டு, தடித்த துணியை மூடிமேல் போட்டு, முதற்படி அளவே திருகி ஆவியைப் போக்கிய பின்னரே முழுதும் திறக்கவேண்டும். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் பெரும்பிழை. வார்ப்பிரும்பாலாகிய அதன் தலை, காய்ந்த சட்டியில் நீர் தெளித்தாற்போல் விரிசல் காணும்.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் சிந்தித்தற்குரியது. உப்பு மிகுந்த கிணற்றுநீரும் ஆழ்துளைக் கிணற்றுநீரும் நாளடைவில் கொதிகெண்டியின் உட்புறத்தில் வெண்காறை படிவதுபோலவே எஞ்சினுக்குள்ளும் படியும். காறை படிந்த குழாய் வெப்பத்தை வெளியே விடாது. தூய்மையாகப் பிடித்த மழைநீரோ, காய்ச்சி வடித்த நீரோ நன்று. அதனுடன் துருவைத் தடுக்கும் குளிர்விப்பு நீர்மத்தை அளவாகக் கலத்தல் மேலும் நன்று. தண்ணீரைச் சுழற்றும் பம்பையும் விசிறியையும் ஓட்டுவது ஓர் இரப்பர்ப் பட்டை. அதன் நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழவேண்டும். அதனினும் தளர்ந்தால் வழுக்கும்; இறுகினால் பம்பின் தாங்கிகள் தேயும். மின்னாற்றல் தரும் டைனமோவையும் அப்பட்டையே சுழற்றுவதால், பட்டை அறுந்தால் குளிர்ச்சியும் மின்சாரமும் ஒருங்கே போகும். நெடும்பயணம் செல்வோர் ஒரு பட்டையை டிக்கியில் வைத்துக்கொள்வது வழக்கம்.

பெட்ரோலால் வரும் இடர் வேறு வகையானது. கடும் வெயிலில் எஞ்சினுக்கு அருகில் செல்லும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுவதுண்டு. பம்பு நீர்மத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. வண்டி நடுவழியில் நின்றுவிடும். பழைய ஓட்டுநர்கள் ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சிறிது பொழுது காத்திருந்து, ஆவி மீண்டும் நீர்மமானதும் புறப்படுவர். எளிய மருத்துவமாயினும் அறிவியல் முறைக்கு முற்றும் ஒத்தது.

இவ்வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் மக்களின் உடலுக்கு நஞ்சு. ஆனால் வால்வுகள் பொருந்தும் இருக்கைகளுக்குக் காப்பு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. மக்கள் நலத்துக்கு அது நன்மையே. ஆயினும் பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கைகள் தேய்ந்து, முன்னர்ச் சொன்ன ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி மெல்ல மறையத் தொடங்கும். இடைவெளி அற்ற வால்வு முழுதும் மூடாது. மூடாத வால்வு எரிந்துபோம். ஆகவே அவ்வளவை அடிக்கடி பார்ப்பதும், எஞ்சினைப் பிரிக்கும் காலத்தில் கடின உலோக இருக்கைகளைப் பொருத்துவதும் வேண்டும். இக்காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது நீரை ஈர்க்கும் இயல்புடையது. பழைய வகை இரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் மென்மையாக்கிச் சிதைக்கவல்லது. பல்லாண்டு மாற்றப்படாத குழாய்களை மாற்றிவிடுதல் செலவன்று, காப்பு. பெட்ரோல் மணம் வீசினால் கசிவைக் கண்டு நிறுத்தும்வரை எஞ்சினை இயக்கலாகாது.

பாட்டரி ஆறு அறைகளையுடைய 12 வோல்ட்டு அமைப்பு. அறைகளில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்குமாறு காய்ச்சி வடித்த நீர் இட்டு, முனைகளில் பூக்கும் வெண்பச்சை உப்பை வெந்நீரால் கழுவி, வாசலின் தடவினால் போதும். அதன்மேல் ஸ்பேனரைப் போடுவதும் அருகில் நெருப்புக் கொளுத்துவதும் ஆகா. பாட்டரியிலிருந்து எழும் வாயு வெடிக்கும் தன்மையது.

இதுகாறும் கூறியவற்றைக் கவனியாதவர் வழியில் நின்றுபோவர், அவ்வளவே. இனிக் கூறப்போவது அத்தகையதன்று. ஓடவேண்டிய வண்டி நின்றால் பொழுது போகும். நிற்கவேண்டிய வண்டி ஓடினால் உயிர் போகும். பழைய வண்டியை வைத்திருப்போரில் பலர் மேற்பூச்சுக்குச் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் பிரேக்குக்குச் செலவிடுவதில்லை.

அம்பாசிடரின் பிரேக் நீர்மத்தின் அழுத்தத்தால் இயங்குவது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது முதன்மைச் சிலிண்டரிலுள்ள நீர்மம் குழாய்கள் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அவ்வழுத்தத்தைக் கொண்டுசெல்கிறது. அடைபட்ட நீர்மம் தன்மேல் விழும் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் ஒப்பப் பரப்பும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் அரைவட்டக் கட்டைகள் இரண்டு விரிந்து உரசி, வண்டியை நிறுத்துகின்றன. பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரங்களுக்கும் நீர்மம் ஒரே வழித்தொடராகச் செல்கிறது. பிற்காலக் கார்களில் வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று கெட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஒற்றை வழியில் அந்தத் துணை இல்லை. எங்கேனும் ஓரிடத்தில் குழாய் அற்றால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். கம்பியால் பின்சக்கரங்களைப் பற்றும் கைப்பிரேக் ஒன்றே அப்பொழுது எஞ்சியிருப்பது. ஆதலால் கைப்பிரேக்கை வண்டி நிறுத்திய பின் இழுத்துவிடும் கொக்கியாக மட்டும் எண்ணுதல் தவறு. அதன் கம்பியையும் காலமுறைப்படி இறுக்கி வைத்தல் வேண்டும்.

நீர்மத் தொட்டியில் அளவு குறைந்திருந்தால், அதனை நிரப்பிவிட்டு மறந்துவிடுவது பலர் செய்யும் செயல். அந்நீர்மம் எரிந்து குறைவதன்று. கட்டைகள் தேயத் தேயச் சிறிது தாழலாம்; விரைந்து தாழ்ந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கறை தெரிகிறதா, மிதியைச் சீராக அழுத்தி நிறுத்தினால் அது மெல்லக் கீழிறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இறங்கினால் அவ்வண்டியை அன்றே பட்டறைக்கு இழுத்துச் செல்வதல்லது ஓட்டிச் செல்லலாகாது. மிதி பஞ்சுபோல் நெகிழ்ந்தால் வழியில் காற்றுப் புகுந்துள்ளது. காற்று அமுங்கும், நீர்மம் அமுங்காது. மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் சக்கரத்திலுள்ள சிறு குமிழைத் தளர்த்தி, நீர்மத்தில் முனை மூழ்கிய குழாய் வழியாகக் குமிழிகள் நிற்கும்வரை காற்றை வெளியேற்றுவர். மிதியிலிருந்து காலை எடுக்குமுன் குமிழை இறுக்கிவிடவேண்டும். இல்லையேல் வெளியேறிய காற்றே திரும்பி உட்புகும்.

அவசரத்தில் எஞ்சின் எண்ணெயை அத்தொட்டியில் ஊற்றுவோர் உளர். இதனினும் கொடிய பிழை பிறிதில்லை. கனிம எண்ணெய் பட்டால் சிலிண்டர்களுக்குள்ளிருக்கும் இரப்பர்க் கிண்ணங்கள் வீங்கிக் குழையும். முதல்நாள் பிரேக் பிடிக்கும். சில நாளில் சக்கரங்களைப் பற்றிக்கொண்டு விடாது, அல்லது பற்றவே பற்றாது. சரியான நீர்மத்துக்கும் ஒரு குறையுண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் தரத்தைச் சேர்ந்த புதிய நீர்மம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறியபின் அந்த எல்லை 140 பாகைக்குத் தாழ்ந்துவிடலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை முழுதும் மாற்றவேண்டும் என்பது இதனாலேயே.

இந்த எண்களின் பொருள் மலைப்பாதையில் விளங்கும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்கப் புலவர் புகழ்ந்த கொல்லிமலைக்கு இன்று செல்லும் சாலையில் கொண்டையூசி வளைவுகள் 70 உள்ளன. ஏறும்போது வண்டி பெற்ற ஆற்றல் முழுவதையும் இறங்கும்போது எங்கேனும் தொலைத்தாக வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அவ்வாற்றல் முழுவதும் உருளைகளில் வெப்பமாக மாறும். உருளை விரியும், கட்டைகளின் உராய்வு குன்றும், ஈரமேறிய நீர்மம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்குவதால், ஓட்டுநர் அழுத்தும் மிதி எதிர்ப்பின்றித் தரையைத் தொடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரை விடுத்து வண்டியை உருளவிட்ட சிலர்க்கு மலைச்சரிவில் நேர்ந்த முடிவு இதுவே. எந்தக் கியரில் மலை ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது மலைவாழ் ஓட்டுநரின் வழக்கு. அவ்வாறு இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு இடையிடையே ஆறுதல் கிடைக்கும்.

கட்டைகள் தேய்ந்து மிதி தாழ்ந்தால், சக்கரத்தைத் தரையினின்று தூக்கித் திருத்தியை இறுக்கி, சக்கரம் பற்றியபின் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்த வேண்டும். உருளையைத் திறக்கும்போது உள்ளே காணும் தூசியை வாயால் ஊதலாகாது. பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே முறை.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காற்றின் அளவை வண்டி குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். தேய்ந்த டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனைக் கழித்துவிடவேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்நிலை பிறழ்ந்துள்ளது.

மாற்றுச் சக்கரத்தை நம்மவர் 'ஸ்டெப்னி' என்பர். அது வேல்சு நாட்டில் லனெல்லி என்னும் ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அத்தெருவில் தொடங்கிய தொழிலகம் ஒன்று பஞ்சரான வண்டிகளுக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றது. தெருவின் பெயர் பொருளுக்கு ஆகி, கடல்கடந்து இங்கும் நிலைத்தது. பெயர் புதிது, கருத்துப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லவேண்டிய தம் வண்டியின் அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் காட்டியிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் மறவாததை, காற்றிறங்கிய ஸ்டெப்னியோடு பயணம் புறப்படும் இக்காலத்தவர் மறந்துவிடுகின்றனர். சக்கரம் மாற்றுவோர் கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சிய சக்கரங்களுக்குக் கல் அணைகொடுத்து, நட்டுகளைச் சற்றே தளர்த்தியபின் ஜாக்கியால் தூக்கவேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியில் தலையைக் கொடுத்தல் எக்காலத்தும் ஆகாது. ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை அங்கே ஒரு சிறு திருகின்மேல் நிற்கிறது.

முன்சக்கரங்களைத் திருப்பும் மூட்டுகளில் கிரீஸ் ஊட்டுதற்குச் சிறு குமிழ்கள் உள்ளன. புதிய கார்களில் அவை அருகிவிட்டமையால், இளைய மெக்கானிக்குகள் சிலர் அவற்றைக் கவனிப்பதில்லை. 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, குமிழைத் துடைத்து, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை ஏற்றினால் மூட்டுகள் நெடுநாள் உழைக்கும். துடையாமல் ஏற்றினால் கிரீஸோடு மணலும் சேர்ந்து உட்செல்லும்.

பல மாதங்கள் கொட்டகையில் நின்றுவிட்ட அம்பாசிடரை மீண்டும் எழுப்புதல் தனிக்கலை. சாவியைத் திருப்பி உடனே எஞ்சினை இயக்க முயல்வது நன்றன்று. நின்ற காலத்தில் எண்ணெய்ப் படலம் முழுவதும் அடித்தொட்டிக்கு இறங்கிவிட்டிருக்கும். சிலிண்டர்ச் சுவர் உலர்ந்திருக்கும். முதலில் எலி கடித்த கம்பிகள் உளவா என்று பார்த்து, கெட்டுப்போன பழைய பெட்ரோலை வடித்துப் புதியது இடுதல் வேண்டும். தண்ணீரையும் எண்ணெயையும் அளந்து, பாட்டரிக்கு மின்னூட்டம் தந்தபின், நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சிலமணி நேரம் ஊறவிடவேண்டும். அதன்பின் சாவியை எடுத்துவிட்டு, வண்டியின் முன்புறத் துளையில் கைப்பிடிக் கம்பியைச் செருகி, கையாலேயே மெல்லச் சுற்றவேண்டும். பிளக் இல்லாமையால் எஞ்சின் எளிதில் சுழலும். எங்கேனும் சிக்கியிருந்தால் கைக்கே தெரியும். மின்சாரத் தொடக்கி 1912இல் அமெரிக்காவில் காடிலாக் வண்டியில் இடம்பெறும்வரை உலகிலுள்ள பெட்ரோல் கார்களை எழுப்பியது பெரும்பாலும் இக்கம்பியே. பிளக்குகளைப் பூட்டியபின் இதனைச் சுற்றுவோர் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கம்பியைக் கீழிருந்து மேலாக இழுத்தல் வேண்டும். எஞ்சின் எதிர்ப்புறம் உதைத்தால் கம்பி விரல்களை விட்டு நழுவிப்போகும். கட்டைவிரல் மறுபக்கம் சுற்றியிருந்தால் மணிக்கட்டு முறியும்.

எஞ்சின் எழுந்ததும் விரைவுபடுத்தாது, மெல்ல ஓடவிட்டு, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளையோ சிறு விளக்கையோ கவனிக்கவேண்டும். சில நொடிகளில் முள் மேலெழாவிடில், அல்லது விளக்கு அணையாவிடில், உடனே நிறுத்திவிட்டுக் காரணம் தேடுக. முள் எழுந்து, தண்ணீர் சூடேறி, எங்கும் கசிவில்லை என்று கண்டபின், கொட்டகையைவிட்டு நகருமுன்பே பிரேக் மிதியை இரண்டு மூன்று முறை அழுத்தி, அது உயரத்தில் கல்போல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, முதற்கியரை இடலாம்.